மோதரகம் ஆறு: எங்கள் தென் எல்லை

வரைபடத்தில் மோதரகம் ஆறு ஒரு மெல்லிய கோடுதான். கிழக்கே காட்டுக்குள் தொடங்கி மேற்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மாரியில் பெருகும், கோடையில் மணலாகி, பள்ளங்களில் மட்டும் நீர் நிற்கும். தெற்குக் கரையில் 1938 முதல் வில்பத்து தேசிய பூங்கா. வடக்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி என நமது முசலி ஊர்கள்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நாங்கள் கைக்குழந்தைகளாகப் புத்தளம் போனோம். யுத்தம் 2009இல் முடிந்து திரும்பி வந்தால், வளவெல்லாம் காடு மண்டிக் கிடந்தது. 2012இல் இந்தப் பகுதியில் ஒதுக்குக்காடு என்று வர்த்தமானி வந்தது. பிறகு, வில்பத்துவை அழிக்கிறோம் என்ற பழியும் வந்தது.

காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காடு இல்லாவிட்டால் இந்த ஆறும் இல்லை. ஆனால் பூங்காவின் வட எல்லை இந்த ஆறுதான். நம் ஊர்கள் அதற்கும் வடக்கே. உறவுகளே, பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டை வரைபடத்தில் தொட்டுக் காட்டுங்கள். நாளை யாரும் கேட்டால் அவர்கள் பதில் சொல்லட்டும்.