முதல் அடி யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு நின்டெண்டோவை வைத்துக்கொண்டு போக்கிமான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவன் அழுதுகொண்டே அடுக்களைக்கு ஓடி வந்தான்.

"அப்பா, என்னோட ஜோல்டியான்தான் ஸ்பீடு. ஆனா அவளோட குண்டன் முதல்ல அடிக்குது. அவ ஏமாத்தறா!"

பெரியவள் அசரவில்லை. "ட்ரிக் ரூம் போட்டிருக்கேன்டா லூசு. ரூல் தெரியலைன்னா அழாத."

எனக்கும் ரூல் தெரியாது. தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். "யார் முதலில்?" என்ற ஒரே கேள்விக்கு 1996இல் ஒரு சட்டம் எழுதி, அதற்குத் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று இன்றுவரை வந்திருக்கிறார்கள். நம் அரசியல் சாசனம் மாதிரிதான் :-)

விளையாடாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் அடுத்தவருக்குத் தெரியாமல் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு எது முதலில் நடக்கும் என்பதை மெஷின் முடிவு செய்யும். முதல் அடியிலேயே எதிராளியின் பிராணி விழுந்துவிட்டால், அது செய்ய நினைத்த வேலை நடக்கவே நடக்காது. அதனால் முதலில் அடிப்பவனுக்குப் பாதி வெற்றி கையில்.

இந்தக் கேள்வி போக்கிமானுக்கு முன்பே உண்டு. 1986இல் தொடங்கிய டிராகன் குவெஸ்ட் வரிசையில் சுறுசுறுப்பு எண்ணோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்துதான் வரிசை வரும். 1991இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி நான்காம் பாகம் சுற்று முறையையே மாற்றியது. ஒவ்வொருவருக்கும் காத்திருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், நாம் யோசித்துக்கொண்டிருந்தால் எதிரி அடித்துவிடுவான்.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய்க்கு போக்கிமான் சிவப்பு, பச்சை இரண்டும் வந்தன. சதோஷி தஜிரியின் கேம் ஃப்ரீக் நிறுவனம் செய்தது. இரண்டு கேம்பாய்களை ஒரு கேபிளால் இணைத்து, இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து மோதலாம். சட்டம் ரொம்ப எளிது. ஸ்பீடு அதிகமாக உள்ளது முதலில் அடிக்கும். சமமாக இருந்தால் மெஷினே பூவா தலையா போட்டுக்கொள்ளும். பிராணியை மாற்றுவது அடிக்கு முன்னால் நடந்துவிடும்.

விலக்கு என்று இருந்தவை இரண்டே மூவ்கள். க்விக் அட்டாக் எவ்வளவு மெதுவான பிராணி போட்டாலும் முந்திக்கொள்ளும், ஆனால் பலம் வெறும் 40. கவுன்ட்டர் எப்போதும் கடைசியில்தான் வரும், வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஸ்பீடு என்ற ஒரு எண்ணுக்குள் வேறு சலுகைகளும் ஒளிந்திருந்தன. எதிர்பாராமல் விழும் பலத்த அடி, அதாவது கிரிட்டிக்கல் ஹிட், அதற்கான வாய்ப்பையும் ஸ்பீடுதான் தீர்மானித்தது. ஜோல்டியானின் அடிப்படை ஸ்பீடு 130. அதற்கு நூற்றுக்கு சுமார் 25 முறை பலத்த அடி விழும். ஸ்னார்லாக்ஸின் ஸ்பீடு 30. அதற்கு சுமார் 6 முறைதான். ராப் என்று ஒரு பிடி உண்டு. வேகமான பிராணி பிடித்துவிட்டால் எதிராளி சில சுற்றுகளுக்கு ஒன்றுமே செய்ய முடியாது, விட்டதும் மறுபடி பிடிக்கலாம். பக்கவாதம் வந்த பிராணிக்கோ ஸ்பீடு கால்வாசியாகிவிடும். இருப்பவனுக்கே மேலும் மேலும் என்பதுதான் அந்தச் சட்டம்.

1999இல் தங்கம், வெள்ளி வந்தபோது முதல் பெரிய திருத்தம். பலத்த அடிக்கும் ஸ்பீடுக்கும் இருந்த தொடர்பை அறுத்தார்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய பதினாறில் ஒன்று. ராப் பிடியில் மாட்டியவரும் திருப்பி அடிக்கலாம் என்றானது. மெதுவான பிராணியும் எப்போதாவது முந்திக்கொள்ள க்விக் க்ளா என்று ஒரு பொருள் கொடுத்தார்கள். இவற்றைவிட முக்கியம், மூவ்களுக்குப் படிக்கட்டு மாதிரி முன்னுரிமை அமைந்தது. ப்ரொடெக்ட் மேல் படியில், சாதாரண அடிகள் நடுவில், எதிராளியை விரட்டும் ரோர் கீழே. மெஷின் முதலில் படியைப் பார்க்கும். ஒரே படியில் இரண்டு பேர் நின்றால்தான் ஸ்பீடைப் பார்க்கும்.

2002இல் இரண்டுக்கு இரண்டு சண்டை வந்தது. கூடவே ஃபாலோ மீ என்ற மூவ். இதுவும் மேல் படிதான், ஆனால் அடிப்பதற்கு இல்லை. "என்னை அடி" என்று முன்னால் போய் நின்று, கூட்டாளிக்கு விழ வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்ளும். 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் கொரியாவின் செ ஜுன் பார்க் ஜெயித்தார். அவர் அணியில் பச்சிரிசு என்று ஒரு அணில் இருந்தது. பெயரைக் கேட்டால் நமக்குப் பச்சரிசி ஞாபகம்தான் வரும். யாரும் சட்டை செய்யாத அந்த அணில் ஃபாலோ மீ போட்டுப் போட்டு கூட்டாளிகளைக் காத்தது. முதலில் போவது என்றால் முதலில் அடிப்பது மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்த இடம் அதுதான்.

இப்போது எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். 2006இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் பிறந்தது ட்ரிக் ரூம். போட்டால் வரிசை தலைகீழ். ஒரே படிக்குள் மெதுவானதுதான் முதலில். ஐந்து சுற்று நீடிக்கும் என்பது கணக்கு. போட்ட சுற்றும் அதில் சேர்வதால் கையில் கிடைப்பது நாலுதான். இன்னொரு விலையும் உண்டு. ட்ரிக் ரூம் இருப்பது அடிப்படியில். போடுகிறவர் அந்தச் சுற்றில் எல்லோருடைய அடியையும் தாங்கி உயிரோடு நின்றால்தான் அது நடக்கும். மெதுவானவர்களுக்கு வழி கொடுத்தார்கள், ஆனால் சும்மா கொடுக்கவில்லை.

விலை இல்லாமல் சலுகை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2013இல் எக்ஸ், வொய் வந்தபோது டாலன்ஃபிளேம் என்ற பருந்துக்கு கேல் விங்ஸ் என்று ஒரு திறமை. பறவை வகை மூவ் எல்லாவற்றுக்கும் ஒரு படி மேலே இடம். அதன் ஸ்பீடு ஏற்கெனவே 126. க்விக் அட்டாக்கின் பலம் 40 என்று சொன்னேன் இல்லையா? இந்தப் பருந்து முந்திக்கொண்டு போடும் ப்ரேவ் பேர்டின் பலம் 120. போட்டிகளில் எங்கு பார்த்தாலும் இந்தப் பருந்துதான். 2016இல் சன், மூன் வந்ததும் கத்தரி போட்டார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாதபோதுதான் அந்தச் சலுகை. அதே ஆண்டு சைக்கிக் டெர்ரெய்ன் என்ற தரை வந்தது. அதில் கால் ஊன்றி நிற்பவர்களை எதிராளியின் முந்திக்கொள்ளும் மூவ் எதுவும் தொட முடியாது. பக்கவாதம் வந்தால் ஸ்பீடு கால்வாசிக்குப் பதில் அரைவாசி என்றானதும் அப்போதுதான்.

2019இல் ஸ்வோர்ட், ஷீல்ட் விளையாட்டுகளில் இன்னொரு திருத்தம். அதுவரை சுற்றின் ஆரம்பத்தில் போட்ட வரிசைதான் கடைசிவரை. இப்போது நடுவில் யாருடைய ஸ்பீடாவது மாறினால், மிச்சம் உள்ளவர்களின் வரிசையை மெஷின் உடனே மறுபடி போடும். கூட்டாளிகளின் ஸ்பீடை இரட்டிப்பாக்கும் டெயில்விண்ட் போட்டால், அதே சுற்றிலேயே பக்கத்தில் நிற்பவனுக்குப் பலன்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. யாருக்கு முதல் இடம் என்பதை ஒரே ஒரு எண்ணிடம் விட்டுவிட்டால், மற்றவர்கள் விளையாட வந்தே பிரயோஜனமில்லை. விலக்கு வேண்டும். அந்த விலக்குக்கு ஒரு விலையும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு சொன்னேன். அக்கா ஏமாற்றவில்லை. அவள் ட்ரிக் ரூம் போட்ட சுற்றில் நீதான் முதலில் அடித்தாய், அப்போது வீழ்த்தாமல் விட்டது உன் தப்பு. க்விக் அட்டாக் மேல் படி என்பதால் ட்ரிக் ரூமுக்குள்ளும் முந்தும். இல்லையென்றால் ப்ரொடெக்ட் போட்டும் ஆளை மாற்றியும் நாலு சுற்றைத் தள்ளு.

சின்னவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பா, அந்த ரூமுக்குள்ள என்கிட்ட இருக்கிற மெதுவானதும் முதல்ல அடிக்குமா?"

"அடிக்கும். யார் போட்டாலும் ரூல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

அடுத்த ஞாயிறு அவன் அணியில் டோர்கோல் என்ற ஆமை சேர்ந்திருந்தது. ஸ்பீடு 20. அக்காவின் ஸ்னார்லாக்ஸுக்கு 30. அவள் வழக்கம்போல ட்ரிக் ரூம் போட்டாள்.

இந்த முறை அடுக்களைக்கு வந்தது பெரியவள்.