படிகமும் கம்பி முனையும்

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், மாணவர் சிலர் ஒருமுறை மின்கலமே இல்லாத வானொலி ஒன்றை அமைத்தனர். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமத் துண்டின்மீது மெல்லிய கம்பி முனை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. முனையைச் சற்றே நகர்த்தியதும் செவிக்கருவியில் குரல் கேட்டது. "ஐயா, இது எவ்வாறு?" என்றான் ஒரு சிறுவன். "முன்னும் பின்னும் ஓடும் மின்னோட்டத்தை இது ஒரு திசையில் மட்டும் விடுகிறது, அதனால் ஒலி பிறக்கிறது" என்றேன். "ஏன் அவ்வாறு விடுகிறது?" என்றான். "அது அதன் இயல்பு" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன்.

அவ்வியல்பை முதலில் கண்டவரும் ஒரு பள்ளியாசிரியரே. ஜெர்மனியில், லைப்சிக் நகரின் தாமஸ் பள்ளியில் ஆசிரியராயிருந்த பெர்டினாண்டு பிரௌன், உலோக சல்பைடுகள் சிலவற்றில் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்வதை 1874-இல் வெளியிட்டார். காரணத்தை அவரால் விளக்க இயலவில்லை. ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதினார்.

அன்று அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. கம்பியில்லாத் தந்தி தோன்றிய பின்னரே அதற்கு வேலை கிடைத்தது. கல்கத்தாப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் கலீனாவைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவி செய்தார். அதற்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1906-இல் பிக்கார்டு என்னும் அமெரிக்கர் சிலிக்கன் படிகத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

காரணம் விளங்கியதோ 1938-இல்தான். வால்ட்டர் ஷாட்கி என்னும் ஜெர்மானியர் அதை விளக்கினார். உலோகமும் குறைகடத்தியும் தொடுமிடத்தில், குறைகடத்தியின் எலெக்ட்ரான்கள் சில உலோகத்திற்குச் சென்றுவிடுகின்றன. அவை நீங்கிய இடத்தில் ஓர் அணை எழுகிறது. மின்னழுத்தத்தை ஒரு திசையில் கொடுத்தால் அணை தாழ்ந்து வழிவிடும். திசையை மாற்றினால் உயர்ந்து தடுக்கும். உண்மையைக் கண்டதற்கும் காரணம் அறிந்ததற்கும் இடையே 64 ஆண்டுகள்!

இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளில் சிலிக்கன் படிகமும் கம்பி முனையும் பணியாற்றின. இன்று ஷாட்கி டையோடு என வழங்குவது அவற்றின் வழித்தோன்றலே. சாதாரணச் சிலிக்கன் டையோடில் ஏறத்தாழ 0.7 வோல்ட் வீணாகும், இதிலோ 0.3 வோல்ட் அளவே வீணாகும். வெப்பம் குறைவு, வேகம் மிகுதி. ஆதலால் கணினிகளுக்கு மின்சாரம் வழங்கும் கருவிகளில் இது இடம்பெறுகிறது.

அச்சிறுவன் கேட்டபோது, காரணம் நூல்களில் இருந்தது, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. "தெரியாது, வா, தேடுவோம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்களேனும் 'ஏன்' என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஆசிரியர் தயங்கினாலும் கேளுங்கள்.