கசோனே: இத்தாலியின் திருமணப் பெட்டகம்

கசோனே என்பது 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இத்தாலியச் செல்வர் வீடுகளில் பயன்பட்ட பெரிய மரப்பெட்டகம் ஆகும். மூடியை மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் இதனுள் பட்டு, லினன் துணிகள், அணிகலன்கள் போன்ற விலையுயர்ந்த பொருள்களை வைத்துப் பூட்டினர். இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்குப் 'பெரிய பெட்டி' என்று பொருள். புளோரன்சு நகரத்தார் அக்காலத்தில் 'ஃபோர்சியேரே' என்றே பெரும்பாலும் எழுதினர். 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி பயன்படுத்திய 'கசோனே' என்ற பெயரே பின்னர் நிலைத்தது.

இப்பெட்டகங்கள் பெரும்பாலும் திருமணத்திற்காக, இரண்டிரண்டாகச் செய்யப்பட்டன. மணமகளின் சீர்ப்பொருள்களைச் சுமந்து, அவள் கணவன் வீட்டுக்குச் செல்லும் ஊர்வலத்தில் இவை தெரு வழியே சென்றன. இரு குடும்பங்களின் செல்வநிலையையும் ஊரார் இவற்றைப் பார்த்தே அளந்தனர். வரதட்சணைச் சுமை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும்: பெண்களின் வரதட்சணைக்காகத் தந்தையர் முன்கூட்டியே பணம் செலுத்தும் நிதியம் ஒன்றைப் புளோரன்சு அரசே 1425இல் தொடங்கியது.

முதலில் பெண் வீட்டார் செய்து தந்த பெட்டகங்களை, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மணமகனே செய்விக்கும் வழக்கம் பரவியது. 1472இல் லொரென்சோ மொரெல்லி என்பவர் வாஜா நெர்லியை மணந்தபோது செய்வித்த இணைப் பெட்டகங்கள் இன்று இலண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் உள்ளன. அவற்றுக்குச் செலவிட்ட கணக்கும் கிடைத்திருப்பது அரிய பேறு. நெர்லி பெட்டகத்தில் தீட்டப்பட்டிருப்பது ஃபலேரி நகரப் பள்ளி ஆசிரியரின் கதை. தன் மாணவர்களையே பிணையாக உரோமைப் பகைவரிடம் ஒப்படைக்க முயன்ற அவரை, தளபதி கமில்லசு ஏற்க மறுத்து, அந்த மாணவர்கள் கையாலேயே அடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார். திருமணப் பெட்டகத்தில் இக்கதை ஏன் என்று தோன்றலாம். ஆனால் அறமும் வீரமும் கற்பிக்கும் உரோமைக் கதைகளே அன்று பெரிதும் விரும்பப்பட்டன. சபைன் மகளிர் கவர்ந்து செல்லப்பட்ட கதையும், கணவனின் கொடுமைகளைப் பொறுத்துக்கொண்ட கிரிசெல்டாவின் கதையும் பெட்டகங்களில் இடம்பெற்றன. புதுமணப்பெண் தன் துணிமணியை எடுக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டவை இவை!

ஓவியப் பெட்டகங்கள் பெரும்பாலும் பாப்ளர் மரத்தால் ஆனவை. பலகை மேல் சுதை பூசி, வண்ணம் தீட்டி, பொன்தகடு ஒட்டினர். 16ஆம் நூற்றாண்டில் சுவை மாறியது. வண்ணத்தின் இடத்தைச் செதுக்கு வேலை பிடித்தது. வால்நட் மரம் இதற்கு ஏற்றதாக இருந்தது. பழைய உரோமைக் கல் சவப்பேழைகளைப் போன்ற வடிவம், சிங்கப் பாதங்கள், புடைத்து நிற்கும் புராண உருவங்கள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். சைப்பிரசு மரத்தாலும் பெட்டகங்கள் செய்தனர். அதன் மணம் துணிகளைப் பூச்சி அரிக்காமல் காத்தது.

பின்னாளில் இப்பெட்டகங்களுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் வணிகம் பெருகியபோது, முகப்புப் பலகைகள் கழற்றப்பட்டுத் தனி ஓவியங்களாக விற்கப்பட்டன. பழைய துண்டுகளைப் புதிய மரத்தோடு பொருத்தி 'முழுப் பெட்டகம்' என்று விற்றவர்களும் உண்டு. எனவே அருங்காட்சியகங்களில் முழுமையாகத் தோன்றும் எல்லாவற்றையும் அப்படியே நம்ப முடியாது.

தனிப் பலகை ஒன்று பெட்டகத்தின் முகப்புதானா என்று அறிய ஆய்வாளர்கள் பூட்டின் தடத்தைத் தேடுகின்றனர். பூட்டில் தொங்கிய சாவி பலமுறை மோதியதால் ஏற்பட்ட கீறல்களும் பள்ளங்களும் சில பலகைகளில் இன்றும் தெரிகின்றன. புளோரன்சு அக்காதெமியா காட்சியகத்தில் மசாச்சோவின் தம்பி தீட்டிய நீண்ட திருமண ஓவியம் ஒன்று உள்ளது. 'அடிமாரி கசோனே' என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்ட அது, உண்மையில் அறைச் சுவரை அலங்கரித்த பலகை என்று இன்று கருதப்படுகிறது. பழைய பெயர் மட்டும் மாறவில்லை.