பெர்லினுக்கு நிலக்கரி சுமந்த விமானங்கள்

பனிப்போர்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது ஜேம்ஸ் பாண்ட் படம், ஏவுகணை, நிலாவுக்குப் போன ராக்கெட்... இதெல்லாம் பிற்பாடு வந்த சமாச்சாரம் மக்களே. ஐரோப்பாவுல அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முதல் தடவையா நேருக்கு நேர் முறைச்சுக்கிட்டு நின்னது ரொட்டிக்கும் நிலக்கரிக்கும்தான். 1948 ஜூன்ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 11 மாசம் நடந்த பெர்லின் முற்றுகையைத்தான் சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ காப்பி எதாவது எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :-)

முதல்ல முன்கதைச் சுருக்கம்.

1945 மே மாசம் ஹிட்லரோட ஜெர்மனி சரணடைஞ்சுது. ஜெயிச்சவங்க நாட்டை நாலு பங்கா பிரிச்சாங்க. கிழக்குப் பகுதி சோவியத்துக்கு. மேற்கில அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூணு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு. தலைநகர் பெர்லினையும் அதே மாதிரி நாலா வெட்டினாங்க. இதுல கூத்து என்னன்னா, பெர்லின் இருந்தது சோவியத் பகுதிக்கு உள்ளே, மேற்கு எல்லையில இருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி. அடுத்தவன் வயலுக்கு நடுவுல நமக்கு ஒரு கிணறு இருந்தா எப்படி? கிணறு நம்மளுது, வரப்பு அவனுது. அந்தக் கதைதான்.

வரப்புல நடக்க உரிமை உண்டுன்னு எழுதி வாங்க வேணாமா? ரோட்டுக்கும் ரயிலுக்கும் உருப்படியா எதையும் எழுதி வாங்கலை. எல்லாம் வாய்வார்த்தை. ஆனா வான்வழிக்கு மட்டும் 1945 நவம்பர்ல எழுத்துபூர்வமா ஒப்பந்தம் போட்டாங்க. விமானங்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கக் கூடாதேங்கிற பாதுகாப்புக் காரணத்துக்காக, தலா 32 கிலோமீட்டர் அகலத்துல மூணு வான்பாதைகள். அன்னிக்கு யாரும் பெருசா கண்டுக்காத இந்தக் காகிதம்தான் பின்னாடி மேற்கு பெர்லினைக் காப்பாத்துச்சு.

சரி, சண்டை எதுக்கு வந்துச்சு?

ரெண்டு பக்கத்துக்கும் பயம் இருந்துச்சுங்க. போர்ல சோவியத் யூனியன் பறிகொடுத்தது சுமார் 2.7 கோடி உயிர். முப்பது வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை ஜெர்மனி அவங்க மேல படையெடுத்திருக்கு. அந்த ஜெர்மனி மறுபடி தலைதூக்கக் கூடாதுன்னு ஸ்டாலின் நினைச்சதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. அமெரிக்கா பக்கம் கணக்கு வேற. பட்டினி கிடக்கிற ஐரோப்பா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிடும், அதுக்கு ஜெர்மனியோட தொழிற்சாலைகள் ஓடணும்ங்கிறது அவங்க முடிவு. 1947-ல மார்ஷல் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். 1948 பிப்ரவரியில செக்கோஸ்லோவாக்கியாவுல கம்யூனிஸ்டுகள் ஆட்சியை முழுசா பிடிச்சதும் மேற்கத்திய நாடுகளுக்கு வயித்துல புளியைக் கரைச்சது. அதே சமயத்துல லண்டன்ல கூடி, மேற்குப் பகுதிகளைச் சேர்த்து ஒரு தனி ஜெர்மன் அரசாங்கம் அமைக்கிறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க, சோவியத்தைக் கூப்பிடாமலே! கடுப்பான சோவியத் தளபதி சொக்கலோவ்ஸ்கி மார்ச் 20 அன்னிக்கு நாலு நாடுகளோட கட்டுப்பாட்டுக் கவுன்சில் கூட்டத்தை விட்டு வெளிநடப்பு பண்ணிட்டார்.

கடைசியா தீக்குச்சி கிழிச்சது பணம். பழைய ரைஷ்மார்க் நோட்டு அப்போ வெத்துக் காகிதம். கள்ளச் சந்தையில அமெரிக்க சிகரெட்தான் நாணயம் மாதிரி புழங்குச்சு. 1948 ஜூன் 20 அன்னிக்கு மேற்குப் பகுதிகள்ல டாய்ச்மார்க்ங்கிற புது நோட்டு வந்துச்சு. முதல்ல தலைக்கு 40 மார்க் மாத்திக்கலாம். செல்லாமப் போன பழைய நோட்டெல்லாம் தங்க பக்கம் வந்து குவிஞ்சிடும்னு சோவியத்துக்குக் கவலை. 23-ம் தேதி அவங்களும் பணத்தை மாத்தினாங்க. புதுசா அச்சடிக்க நேரமில்லாம பழைய நோட்டு மேல சின்னதா ஒரு சீட்டை ஒட்டி விட்டாங்க! பெர்லின் முழுக்க இதுதான் செல்லும்னாங்க. மேற்கு பெர்லின்ல டாய்ச்மார்க்தான்னு இவங்க சொன்னாங்க. ஜூன் 24 அன்னிக்கு ரயில், ரோடு, வாய்க்கால் எல்லாம் மூடியாச்சு. ரயில் நின்னதுக்குச் சொன்ன காரணம், தொழில்நுட்பக் கோளாறாம் :-) கிழக்குல இருந்து வந்த மின்சாரத்தையும் நிறுத்திட்டாங்க.

மேற்கு பெர்லின்ல அப்போ 20 லட்சத்துக்கும் மேல ஜனங்க. கையிருப்பு, சாப்பாடு 36 நாளைக்கு, நிலக்கரி 45 நாளைக்கு.

அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே, பீரங்கி வண்டிகளோட ரோட்டுல இறங்கிப் போயிடலாம்னு யோசனை சொன்னார். ஒரு குண்டு வெடிச்சா மூணாவது உலகப்போர். வாஷிங்டன் ஒத்துக்கலை. பெர்லினை விட்டுட்டு வரவும் அதிபர் ட்ரூமன் தயாரில்லை. மிச்சம் இருந்தது வானம் மட்டும்தான். விமானத்துலயே ஒரு நகரத்துக்குச் சோறு போட முடியும்னு கணக்குப் போட்டுக் காட்டினவர்கள்ல முக்கியமானவர் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ரெக்ஸ் வெயிட். ஜூன் 26-ல அமெரிக்க விமானங்கள் பறக்க ஆரம்பிச்சுது. பின்னாடியே பிரிட்டனும்.

இப்போ கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு குறைஞ்சது 4,500 டன் வேணும். அப்போ கையில இருந்த சி-47 விமானம் ஒரு தடவைக்கு சுமார் 3 டன்தான் தூக்கும். அப்படின்னா தினமும் 1,500 நடை! அதனாலதான் 10 டன் தூக்கற சி-54 விமானங்களை உலகத்தோட பல மூலைகள்ல இருந்தும் வரவழைச்சாங்க.

விமானம் மட்டும் வந்தா போதுமா? அதை ஓட்டற முறை வேணுமே. ஜூலை கடைசியில பொறுப்புக்கு வந்தார் வில்லியம் டன்னர். இவர் யாருன்னு கேட்டா நமக்கு ஒரு சொந்தம் வந்துடும். ரெண்டாம் உலகப்போர்ல நம்ம அஸ்ஸாம்ல இருந்து இமயமலையைத் தாண்டி சீனாவுக்குச் சரக்கு கொண்டு போனாங்களே, அந்த வேலையை 1944-45-ல நடத்தினவர் இவர்தான். அஸ்ஸாம்ல படிச்ச பாடத்தைத்தான் பெர்லின்ல பரீட்சை எழுதினார்.

ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மழை, மேகம் கூரை மேல வந்து உக்காந்திருக்கு. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துல ஒரு விமானம் ரன்வே தாண்டிப் போய் எரிஞ்சது. அடுத்து வந்தது அதைத் தவிர்க்க பிரேக் போட்டு டயர் வெடிச்சது. மூணாவது, இன்னும் கட்டி முடிக்காத ரன்வேயில இறங்கிடுச்சு. மேலே அடுக்கடுக்கா விமானங்கள் வட்டமடிக்குது. அந்தக் கூட்டத்துல ஒரு விமானத்துல டன்னரே இருக்கார்! காத்திருந்த எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டு, அதுக்கப்புறம் புது விதி போட்டார். இறங்க ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினா சரக்கோட திரும்பிப் போயிடணும், ரெண்டாவது தடவை முயற்சி கிடையாது. வடக்கு, தெற்கு வான்பாதைகள் வர்றதுக்கு, நடுவுல இருக்கறது திரும்பிப் போறதுக்கு. நம்ம ஊர் ஒருவழிப்பாதை மாதிரி, ஆனா இங்கே யாரும் எதிர்த் திசையில வரமாட்டாங்க :-) பைலட்டுகள் விமானத்தை விட்டு நகரக்கூடாது. தின்பண்டமும் காப்பியும் வண்டியில அவங்களைத் தேடி வரும். மூணு நிமிஷத்துக்கு ஒரு விமானம்ங்கிறதுதான் குறி.

சின்னச் சின்ன விஷயத்துல எல்லாம் மூளை வேலை செஞ்சிருக்கு. ரொட்டியில மூணுல ஒரு பங்கு தண்ணி. அதனால ரொட்டியை விட்டுட்டு மாவும் அதைச் சுட நிலக்கரியும் அனுப்பினாங்க. உருளைக்கிழங்கைக் காயவெச்சு எடையைக் குறைச்சாங்க. உப்பு விமானத்தோட உலோகத்தை அரிச்சிடும். அதுக்கு, கடல்நீர் தாங்கற மாதிரி செஞ்ச சண்டர்லண்ட் படகு விமானங்களைக் கொண்டு வந்து பெர்லினோட ஹாஃபெல் ஏரியில இறக்கினது பிரிட்டன். மொத்தமா வந்த சரக்குல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு நிலக்கரி. ராணுவத்துணி மூட்டைகள்ல கட்டி அனுப்பினாங்க, விமானம் பூரா கரித்தூள்.

ஆனா இதை விமானக் கதையா மட்டும் சொன்னா பாதிக் கதைதான். அந்தக் குளிர்காலத்துல வீடுகளுக்கு மின்சாரம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அதுவும் ரெண்டு தவணையா. முறை நடுராத்திரியில வந்தா நடுராத்திரியில எழுந்து சமைக்கணும். பிரெஞ்சுப் பகுதியில டெகல் விமான நிலையத்தை சுமார் மூணே மாசத்துல கட்டி முடிச்சாங்க. வேலை செஞ்ச ஆயிரக்கணக்கான பேர்ல கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். குண்டுபோட்டு இடிச்ச வீடுகளோட செங்கல் ஜல்லிதான் ரன்வேக்கு அடித்தளம். செப்டம்பர் 9 அன்னிக்கு ரைஷ்டாக் கட்டடத்துக்கு முன்னாடி சுமார் 3 லட்சம் பேர் கூடினாங்க. எங்களைக் கைவிட்டுடாதீங்கன்னு உலகத்தைப் பார்த்துப் பேசினார் எர்ன்ஸ்ட் ராய்ட்டர். இவர் ஒரு காலத்துல பக்கா கம்யூனிஸ்ட். 1918-ல லெனின் அரசாங்கத்துக்காக வோல்கா ஜெர்மானியர் பகுதியில வேலை பார்த்தவர். 1947-ல மேயரா தேர்ந்தெடுத்தும் சோவியத் தடுத்ததால பதவி ஏற்க முடியலை. பழைய தோழரை விட மோசமான எதிரி கிடையாதே!

கெயில் ஹால்வர்சன்ங்கிற இளம் பைலட் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். வேலியோரம் நின்ன பசங்க எதையும் கையேந்திக் கேக்கலை. அது அவர் மனசைத் தொட்டுடுச்சு. அடுத்து கைக்குட்டையில பாராசூட் கட்டி மிட்டாய் போட ஆரம்பிச்சார். எது உங்க விமானம்னு கேட்ட பசங்க கிட்ட, இறக்கையை ஆட்டுவேன், பார்த்துக்கோங்கன்னாராம். 2022 பிப்ரவரியில 101 வயசுல இறந்தார். மூணே வருஷம் முன்னாடி வானத்துல இருந்து குண்டு விழுந்த ஊர் அது. சத்தம் கேட்டா பதுங்குகுழிக்கு ஓடின பசங்க, சத்தம் கேட்டு வெளியில ஓடி வந்தாங்க.

சோவியத் ஏன் சுட்டுத் தள்ளலைன்னு கேக்கலாம். தேடுவிளக்கு அடிச்சு, பக்கத்துல உரசற மாதிரி பறந்து தொந்தரவு குடுத்தாங்க. அதுக்கு மேல போகலை. இதை விட வேடிக்கை, நாலு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து நடத்தின பெர்லின் வான்பாதுகாப்பு மையம் முற்றுகை முழுக்க வேலை செஞ்சுது. வெளியில பட்டினி போடறவனும் உள்ள ஒரே அறையில உக்காந்து, எந்த விமானம் எப்போ வருதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தான்! ரெண்டு பேருக்குமே போர் வேணாம். ஆனா விட்டுக்குடுக்கவும் மனசில்லை.

1949 ஏப்ரல் 15-16, ஈஸ்டர் சமயம். 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 1,400 நடை, 12,941 டன் நிலக்கரி. ஒரு நாளுக்கு 1,440 நிமிஷம்னு நினைவுல வெச்சுக்கோங்க. அதுக்குள்ள பின்கதவுப் பேச்சும் நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஜனவரியில ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் குடுத்த பதில்ல ஸ்டாலின் பணப் பிரச்சனையைப் பத்தி வாயே திறக்கலை. மறந்துட்டாரா, வேணும்னே விட்டுட்டாரான்னு ஐ.நா.வுல அமெரிக்காவோட ஜெஸ்ஸப், சோவியத்தோட மாலிக் கிட்ட சாதாரணமா விசாரிச்சார். ஒரு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, தற்செயல் இல்லையாம். மேற்கு நாடுகள் பதிலுக்கு நிலக்கரி, எஃகு அனுப்பறதை நிறுத்தினதுல கிழக்குப் பகுதியும் நல்லா அடி வாங்கியிருந்துச்சு. மே 12 நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்துல பாதை திறந்தாச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு விமானங்கள் செப்டம்பர் 30 வரைக்கும் பறந்துச்சு. மொத்தம் சுமார் 2,78,000 நடை, 23 லட்சம் டன்.

இந்தக் கதையை நல்லவன் கெட்டவன் சினிமாவா சொல்றது சுலபம். ஆனா முற்றுகை ஓட்டை இல்லாத சுவர் கிடையாது. மேற்கு பெர்லின்காரங்க கிழக்குப் பக்கமும் சுத்துவட்டார கிராமங்களுக்கும் போய் பொருள் வாங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. கள்ளச் சந்தையும் அமோகமா நடந்துச்சு. கிழக்குல வந்து பேர் பதிஞ்சா ரேஷன் தர்றோம்னு சோவியத் சொன்னதும் உண்மை. மிகச் சிலர்தான் போய்ப் பதிஞ்சாங்க. எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் முக்கியமாப் படறது அதுதான். பசியை ஆயுதமா எடுத்தவங்க கணக்குல ஒரே ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பசியில இருக்கறவன் சோறு குடுக்கறவன் பின்னாடி வந்துடுவான்னு நினைச்சாங்க. வரலை.

அதுக்குக் குடுத்த விலையும் சின்னது இல்லை. 1949 ஏப்ரல்ல நேட்டோ, மே மாசம் மேற்கு ஜெர்மனி, அக்டோபர்ல கிழக்கு ஜெர்மனி. ஊரைக் காப்பாத்தினாங்க, நாடு ரெண்டாச்சு. ஒட்டறதுக்கு 1990 வரைக்கும் ஆச்சு.

டெம்பல்ஹோஃப் நினைவுச் சின்னத்துல 39 பிரிட்டிஷ்காரங்க, 31 அமெரிக்கர்கள் பேர் இருக்கு. செத்தவங்கள்ல ஜெர்மன் தொழிலாளிகளும் உண்டு. அந்த விமான நிலையம் 2008-ல மூடியாச்சு, இப்போ பூங்கா. ரன்வேயில பசங்க சைக்கிள் ஓட்டறாங்க, பட்டம் விடறாங்க. 2015-ல சிரியாவுல இருந்து ஓடி வந்தவங்களுக்கு அதே விமானக் கொட்டகையிலதான் படுக்க இடம் குடுத்தாங்க.

விட்டுப்போனது எதாவது இருந்தா நீங்க சொல்லுங்க, சேர்த்துடலாம்.