கொடுத்தும் விடாத ராஜா

இங்க வளர்ற பிள்ளைங்களுக்கு 'கிவ் அவே', 'கிவ் அப்' ரெண்டுக்கும் தமிழ்ல என்ன சொல்லிக் கொடுப்பீங்க? முதலாவது கொடுத்துடறது. ரெண்டாவது விட்டுடறது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். இல்லவே இல்லைன்னு காட்டறதுக்கு நம்ம ஊர்ப்பக்கமே ஒரு சரித்திரம் இருக்கு.

இடம் திருவனந்தபுரம், பத்மநாபசுவாமி கோயில். 1750 ஜனவரி, கொல்லம் ஆண்டு கணக்குல 925 மகரம் 5. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தன் உடைவாளை சாமி முன்னாடி வெச்சு, நாட்டையே பத்மநாபருக்கு எழுதிக் கொடுத்துட்டார். இதுக்குத் திருப்படிதானம்னு பேர். எழுதிக் கொடுத்ததுல தோவாளையும் சேர்த்தி. ஆமா, பூச்சந்தைக்குப் பேர் போன நம்ம நாஞ்சில் நாட்டுத் தோவாளையேதான்.

அப்புறம் அதே வாளைத் திரும்ப எடுத்துக்கிட்டார். ராஜாவா இல்லை, பத்மநாபதாசனா. அதாவது சாமி சொத்தைப் பார்த்துக்கிற வேலைக்காரனா.

ஏன் இப்படி? 1729-ல அவர் பட்டத்துக்கு வந்தப்போ அது சின்ன நாடு. உள்ளூர்ப் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரை அடக்கினார். 1741-ல குளச்சல்ல டச்சுக்காரங்களைத் தோற்கடிச்சார். வடக்கே காயங்குளம் மாதிரி நாடுகளைப் பிடிச்சுச் சேர்த்தார். ஆனா பிடிச்ச ஊர்க்காரங்களுக்கு இவர் அந்நியர்தானே. ராஜாவை எதிர்த்தா அது கலகம். சாமி நாட்டை எதிர்த்தா அது பாவம். பின்னாடி வர்ற வாரிசுகளும் நாட்டைக் கூறு போட முடியாது. பக்தியோட சேர்த்து இந்தக் கணக்கும் இருந்ததுன்னு சரித்திரக்காரங்க சொல்றாங்க.

வரி வாங்கறது, படை நடத்தறது எல்லாம் பழையபடி அவர்தான். கொடுத்தார், ஆனா விடலை!

உண்மையிலேயே விட வேண்டி வந்தது இருநூறு வருஷம் கழிச்சு. 1949 ஜூலை 1-ல திருவிதாங்கூரும் கொச்சியும் ஒண்ணாச்சு. ஆட்சி போனாலும், அந்த இணைப்பு ஒப்பந்தப்படி கோயில் நிர்வாகம் மட்டும் ராஜா பொறுப்புல நின்னது. 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோட சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாச்சு.

கடைசி ராஜா சித்திரைத் திருநாள் 1991-ல காலமானார். அதுக்கப்புறம் கோயிலை யார் பார்த்துக்கறதுன்னு வழக்கு. அரசு எடுத்துக்கணும்னு 2011 ஜனவரியில கேரள உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. அதே வருஷம் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நிலவறைகளைத் திறந்தப்போ வந்த தங்கத்தைப் பார்த்து, ஒரு லட்சம் கோடி ரூபாய்னு பத்திரிகைகள் கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கும். 2020 ஜூலை 13-ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்திச்சு. பார்த்துக்கிற உரிமை குடும்பத்துக்கு உண்டு, ஆனா நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையில ஒரு குழுகிட்ட இருக்கும்னு முடிவாச்சு. சொத்து சாமியோடது.

நம்மில் பல பேருக்கு இது தலைகீழா நடக்குது. ஊர் வீட்டுப் பத்திரம் நம்ம பேர்ல பத்திரமா இருக்கு. ஓடு மாத்தறது, வரி கட்டறது, கிணறு தூர் வாரறது எல்லாம் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ. அவர் உரிமையைக் கொடுத்துட்டுப் பொறுப்பை வெச்சுக்கிட்டார். நாம உரிமையை வெச்சுக்கிட்டுப் பொறுப்பைக் கொடுத்துட்டோம். யார் நிஜமாக் கொடுத்தவங்க, யார் விட்டவங்க? பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

நாகர்கோவில் பக்கம் போறவங்க திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடும்போது பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள் எதுன்னு பார்த்துக்குங்க. சாமி சங்குமுகம் கடலுக்குப் போற வழி விமான ஓடுபாதை மேலதான். அன்னிக்குச் சில மணி நேரம் விமானம் எல்லாம் நிக்கும். முன்னாடி ராஜ குடும்பத்து மூத்தவர், கையில வாளோட நடந்து போவார்.