இருப்பதை வைத்து ஒப்பேற்று, கிழிந்ததைத் தை

காலர் நைந்த சட்டையை என்ன செய்வது? காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். பழைய வேட்டி கரித்துணியாகும். பழைய புடவை குழந்தைக்குத் தூளியாகும். இதையெல்லாம் சொல்லித்தர நம் வீடுகளில் ஒரு பாட்டி போதும். ஆனால் 1943-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இதைச் சொல்லித்தர ஒரு கையேடே அச்சடித்து வெளியிட்டது! அதன் பெயர் 'மேக் டூ அண்ட் மெண்ட்'. தமிழில் சொன்னால், மேலே உள்ள தலைப்புதான்.

ஓர் அரசாங்கம் ஏன் கிழிந்த சாக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? காரணம் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனுக்குப் பருத்தி முழுவதும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். கம்பளியிலும் பெரும்பகுதி அப்படித்தான். அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலில் வேட்டையாடிக்கொண்டிருந்தன. வந்து சேர்ந்த துணியில் ராணுவச் சீருடைக்குத்தான் முதலிடம். துணி ஆலைகளில் இருந்தவர்களும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் காசுள்ளவன் மட்டும் வாங்குவான். போர்க்காலத்தில் அப்படி நடந்தால் மக்கள் கொதித்துப் போவார்கள் என்று அரசுக்குத் தெரியும்.

ஆகவே 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, வர்த்தக வாரியத்தின் தலைவர் ஆலிவர் லிட்டல்டன் துணிக்கு ரேஷன் என்று அறிவித்தார். முன்கூட்டித் தெரிந்தால் எல்லோரும் கடைகளை மொய்த்து வாங்கிப் பதுக்கிவிடுவார்கள் அல்லவா? அதனால் ரகசியம் கசியாமல் பார்த்துக்கொண்டார்கள். தனிக் கூப்பன் புத்தகம் அச்சடித்தால்கூடச் செய்தி வெளியே போய்விடும். எனவே மக்களிடம் ஏற்கெனவே இருந்த உணவு ரேஷன் புத்தகத்தில், பயன்படாமல் கிடந்த மார்ஜரின் கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவிக்கொள்ளும் மார்ஜரினுக்கான கூப்பனைக் கொடுத்து மக்கள் சட்டை வாங்கினார்கள்!

முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். கேட்க நிறையத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆணுக்கு கோட்டுக்கு 13, உள்கோட்டுக்கு 5, கால்சட்டைக்கு 8 என ஒரு சூட்டுக்கு 26 கூப்பன். குளிருக்கு ஓவர்கோட் 16. ஷூ 7. ஆக 49 போயிற்று. பருத்திச் சட்டை ஒன்றுக்கு 5 வீதம் மூன்று சட்டைக்கு 15. மிச்சம் 2 கூப்பன். ஒரு ஜோடி சாக்ஸுக்கோ 3 வேண்டும்! உள்ளாடைக்கு இன்னும் வரவேயில்லை. இந்த 66-ம் நிலைக்கவில்லை. அடுத்தடுத்துக் குறைந்து, போர் முடிந்த 1945 செப்டம்பரில் தொடங்கிய எட்டு மாதங்களுக்கு வெறும் 24 என்று வந்து நின்றது. (தொப்பிக்கு மட்டும் கடைசிவரை கூப்பன் கிடையாது. வெறும் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு தெருவில் போக முடியாதே!)

கூப்பன் என்பது பணம் இல்லை, வாங்குவதற்கான அனுமதி மட்டும்தான். கூப்பனையும் கொடுத்து விலையையும் கொடுக்க வேண்டும். கூப்பன் எண்ணிக்கை துணியின் வகையைப் பொறுத்தது, விலையைப் பொறுத்தது அல்ல. ஒரு கம்பளி கவுனுக்கு 11 கூப்பன் என்றால், மலிவான கவுனுக்கும் 11, உயர்ந்த கடையில் வாங்கிய கவுனுக்கும் அதே 11. உயர்ந்தது ஐந்து வருஷம் உழைக்கும், மலிவானது ஒரே குளிர்காலத்தில் நைந்துவிடும். காகிதத்தில் எல்லோருக்கும் சமமான 66, உழைப்பில் சமம் இல்லை. காசுக்கு வழியில்லாத பலர் தங்கள் கூப்பன்களைக் கள்ளத்தனமாக விற்றார்கள். சட்டப்படி அது குற்றம், ஆனாலும் நடந்தது.

இந்த நிலையில்தான் சிக்கனப் பிரச்சாரம் வந்தது. துணியால் செய்த பொம்மை போல 'மிஸஸ் ஸோ அண்ட் ஸோ' என்ற கதாபாத்திரம் சுவரொட்டிகளில் தோன்றி ஊசியும் நூலுமாக அறிவுரை சொன்னாள். ஊர் ஊராகத் தையல் வகுப்புகள் நடந்தன. கையேட்டுக்கு அப்போதைய வர்த்தக வாரியத் தலைவர் ஹியூ டால்டன் முன்னுரை எழுதினார். குறிப்புகள் பலவும் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானவை. படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்தால் மறுபடி புதுசு. சின்னதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசிச் சிக்கெடுத்து, வேறொன்று பின்னலாம். துணி ஓட்டையாகும் வரை காத்திருக்காமல் மெலியும்போதே டார்னிங் போட்டுவிட வேண்டும். கம்பளியை அந்துப்பூச்சியிடமிருந்து காப்பது தனிப் பாடம்.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பாடம் யாருக்கு? ஆலைத் தொழிலாளியின் மனைவி 1943-க்கு முன்பும் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய அம்மாவும் அதைத்தான் செய்தாள். பழைய சூட்டை வெட்டிப் பாவாடை தைக்கலாம், பழைய திரைச்சீலையில் கவுன் தைக்கலாம் என்றால், வெட்டுவதற்கு அலமாரியில் பழைய சூட்டும் திரைச்சீலையும் இருக்க வேண்டுமே! கணக்குப் பதிவியலில் தொடக்கச் சரக்கிருப்பு என்று ஒன்று உண்டு. 1941 ஜூன் 1 அன்று யாருடைய அலமாரி நிறைந்திருந்ததோ அவர்களுக்குத்தான் இந்தக் கையேடு முழுதாகப் பயன்பட்டது. அலமாரியே இல்லாதவர்களுக்கு, தெரிந்ததையே திரும்பச் சொல்லும் அரசாங்கத்தின் குரல் எரிச்சலைத்தான் தந்திருக்கும்.

அரசுக்கும் இது புரியாமல் இல்லை. மலிவு விலையில் தரமான உடை வேண்டும் என்பதற்காக 'யுடிலிட்டி' திட்டம் வந்தது. துணியின் தரம் நிர்ணயிக்கப்பட்டது, விலைக்கு உச்சவரம்பு, 1942 முதல் விற்பனை வரியும் இல்லை. சிசி41 என்ற முத்திரை அந்த உடைகளின் அடையாளம். ராணிக்கு உடை தைத்த நார்மன் ஹார்ட்னெல் போன்றவர்களே 1942-இல் இதற்கு மாதிரிகள் வடிவமைத்தார்கள். தரமான உடை ஏழைகளின் கைக்கு எட்டியதற்கு, ஆயிரம் தையல் குறிப்புகளைவிட இந்த ஒரு திட்டமே அதிகம் உதவியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கூடவே ஒரு வேடிக்கையும் நடந்தது. துணியை மிச்சப்படுத்த ஆண்களின் கால்சட்டையில் அடியில் வரும் மடிப்பை 1942-இல் தடை செய்தார்கள். பாக்கெட்டுக்கும் பொத்தானுக்கும் எண்ணிக்கை வரம்பு. குண்டு மழையைப் பொறுத்துக்கொண்ட ஆண்கள் கால்சட்டை மடிப்பு போனதைப் பொறுக்கவில்லை! வேண்டுமென்றே நீளமான கால்சட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். மிச்சமாக வேண்டிய துணி அப்படியே போனது. 1944-இல் அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள்.

பெண்கள் கண்டுபிடித்த வழிகள் கையேட்டுக்கு வெளியேயும் இருந்தன. நீள ஸ்டாக்கிங்ஸ் கிடைக்காதபோது, சமையலில் குழம்புக்கு நிறம் சேர்க்கும் பொடியைக் கரைத்துக் காலில் பூசிக்கொண்டு, பின்பக்கத் தையல் கோட்டைப் புருவப் பென்சிலால் வரைந்தார்கள். மழை வந்தால் கதை முடிந்தது. இதைவிட உருப்படியானது, பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பு நடத்திய குழந்தைகள் உடை மாற்று மையங்கள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள், உடை வளராது. சின்னதாகிப்போன உடையைக் கொடுத்துவிட்டு, வேறொரு பிள்ளை போட்ட பெரிய உடையை எடுத்துப் போகலாம், கூப்பன் வேண்டாம். தனித்தனி வீட்டில் சிக்கனம் பிடிப்பதைவிடத் தெருவே சேர்ந்து பிடித்த இந்தச் சிக்கனத்தில் தொடக்கச் சரக்கிருப்பு இல்லாதவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

போர் 1945-இல் முடிந்தும் துணி ரேஷன் முடியவில்லை. ஏற்றுமதி செய்து கடனை அடைக்க வேண்டியிருந்தது. மிஞ்சிய பாராசூட் துணி கூப்பன் இல்லாமல் விற்பனைக்கு வந்தது. வழுக்கி வழுக்கிப் போகும் அந்தத் துணியில் உள்ளாடையும் கல்யாண கவுனும் தைத்தார்கள். 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடந்தபோது அவருக்கும் கூப்பன்தான்! அரசு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. கூப்பன் கஷ்டம் என்னவென்று தெரிந்த பெண்கள் பலர், இளவரசியின் கல்யாண உடைக்காகத் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. துணிக் கூப்பன் ஒழிந்தது 1949 மார்ச் 15 அன்று.