டெலஸ்கோபிக் ஃபோர்க்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக்கால் அதிர்வுதாங்கி. ஒவ்வொரு காலிலும் ஒரு குழாய் மற்றொன்றுக்குள் சறுக்கும். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். எண்ணெய்த் தணிப்புடன் இது முதலில் விற்பனைக்கு வந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்12, ஆர்17 வண்டிகளில் (1935).

எளிய வகையில் எண்ணெய் மாறாத அளவுள்ள துளைகள் வழியே பாய்கிறது. பாயும் வேகம் இரட்டித்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் ஃபோர்க் மெல்ல அமுங்கும்போது, குறிப்பாகப் பிரேக் பிடிக்கையில், தடை போதாமல் முன்பக்கம் தாழ்ந்துபோகும். கூரான பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலோ ஃபோர்க் இறுகி, அடி நேராகக் கைப்பிடிக்கு ஏறும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் முதல் குறை தணியும், இரண்டாவது மோசமாகும். கார்ட்ரிட்ஜ் வகைதான் இந்த முடிச்சை அவிழ்த்தது. அதில் பிஸ்டன் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வட்டத் தகடுகள், அழுத்தம் கூடக்கூட வளைந்து எண்ணெய்க்கு வழிவிடுகின்றன. ஃபோர்க் வரலாற்றில் மிகப் பயனுள்ள திருத்தம் இதுவே எனலாம்.

தலைகீழ் ஃபோர்க்கில் பருத்த குழாய் மேலே இருப்பதால் வளையாமல் தாங்கும் உறுதி கூடும். முன்பக்கம் தாழ்வதை வடிவமைப்பிலேயே குறைக்க, பி.எம்.டபிள்யூ. 1993இல் ஆர்1100ஆர்.எஸ். வண்டியில் டெலிலீவரைப் புகுத்தியது. வில்லும் தணிப்பானும் நடுவிலுள்ள தனி அலகுக்கு மாற, குழாய்களுக்குச் சக்கரத்தை வழிநடத்தும் வேலை மட்டும் மிஞ்சியது.